மாமாவின் கன்னத்து விருந்தாளி

ஜெயினுலாபுதீனின் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி கிளம்பியிருப்பதை ஊரே பார்த்தாயிற்று. அவர் மட்டும்தான் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் அதைக் கட்டி என்று ஒப்புக்கொள்ள மனிதருக்கு மனசு வரவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சூட்கேஸ், குடை, ஸ்கூல் பை விற்கிற கடை அவருடையது. கடைக்கு வருகிறவர்கள் கன்னத்தையே உற்றுப் பார்த்தால், "இன்னா பாக்குற? சாயங்காலத்துக்கு ஒரு கொழுக்கட்டைய ஒதுக்கி வெச்சிகினு கீறேன்" என்பார். பள்ளிவாசலில் கேட்டவரிடம் கடவாய்ப் பல் வீக்கம் என்றார். மீன் மார்க்கெட்டில் கேட்ட மீன்காரி செங்கம்மாளிடம் பெண்டாட்டி அறைந்துவிட்டாள் என்றார். செங்கம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டாள். அன்று சாயங்காலமே கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, கட்டின புருஷனை இப்படியா வீங்க வீங்க அடிப்பே?" என்று ஜெய்புன்னிசாவை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனாள்.

அந்த மனிதரின் முகம் சும்மா முகம் இல்லை. பேரம் பேச வருகிற ஆளின் மூஞ்சியை அந்த ஆளுக்கே திருப்பிக் காட்டுவார். கல்யாணத்துக்குப் பெட்டி வாங்க வந்த மாமியார் உதட்டைப் பிதுக்கினால் இவரும் அதே மாதிரி பிதுக்குவார். கூட வந்த மருமகள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கடைசியில் மாமியாரும் சிரித்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துப் பெட்டியை எடுத்துப் போவாள். இந்த வித்தையை வைத்துத்தான் அவர் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார்.

இதையெல்லாம் கேட்டு ஊர் சிரித்தது. அஃப்ஸானாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் ஜெயினுலாபுதீனின் தங்கை மகள். அவளுடைய சின்ன வயசிலேயே வாப்பா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட, மாமாவின் தோளில் ஏறி வளர்ந்தவள். படித்து டாக்டராகி இப்போது மெடிக்கல் காலேஜில் பெத்தாலஜி பகுதியில் இருக்கிறாள். நோயாளியின் உடம்பிலிருந்து துளியூண்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று சொல்கிற வேலை. வலிக்காத கட்டியை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. மாமாவுடைய கட்டியோ வலிக்கவும் இல்லை, வற்றவும் இல்லை, ஆறு மாதமாக மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே வந்தது.

கட்டியில் ஊசியை விட்டுத் துளி எடுத்துப் பார்க்கலாம் என்றால் வருகிற ஆளா அவர்? அஃப்ஸானா அவருடைய மருமகள்தானே, அவரை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டை வேண்டுமென்றே, மறந்த மாதிரி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். அதைக் கொடுக்க மாமா ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் ஊசி அறை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு தடிமாடு மாதிரி ஆள் "அய்யோ அம்மா" என்று அலறிக்கொண்டிருந்தான். "பாருங்க மாமா, ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் கத்தறாங்க" என்றாள் அஃப்ஸானா, பெண்கள் காதில் விழுகிற மாதிரி. ஜெயினுலாபுதீன் மீசையைத் தடவினார். "தள்ளு, நா காட்டுறேன் ஆம்பளைய" என்று நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டினார். ஊசி போய் வந்தபோது கண்ணோரம் நீர் முட்டியது. ஆனாலும் வெளியே வந்து அந்தப் பெண்களுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஸ்லைடை அஃப்ஸானாதான் முதலில் பார்த்தாள். காதுக்குக் கீழே இருப்பது எச்சில் சுரக்கிற சுரப்பி. அங்கே இருக்கிற நல்ல செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கூட்டாளிகளோடு சின்ன வட்டமாக உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்கும். பெருகு என்று உடம்பு உத்தரவு கொடுத்தால்தான் பெருகும். பக்கத்துச் செல்லோடு இடித்தால் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். உள்ளே ஏதாவது பழுதாகிவிட்டது என்றால் தானே செத்து இடத்தைக் காலி செய்யும். இந்த ஸ்லைடில் அந்த ஒழுங்கைக் காணோம். உட்கருக்கள் ஊதிக் கறுத்துக் கிடந்தன. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல் இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டிருந்தன. தான் பார்த்தது தப்பாக இருக்கட்டும் என்று அல்லாவைக் கேட்டுக்கொண்டே பேராசிரியர் செங்கல்வராயனிடம் ஸ்லைடை நீட்டினாள்.

அவர் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சந்தேகம் இல்லம்மா, புற்றுதான். ஆனா நிதானமா வளர்ற ஜாதி. இப்பவே எடுத்துட்டா பிழைச்சுக்குவார். கழுத்து நெறிக்கட்டுக்குப் பரவிட்டா நம்ம கையில இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் அஃப்ஸானா கடைக்குப் போனாள். பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற தனகோடியும் அங்கே இருந்தார். இரண்டு பேரும் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிக்கிற சிநேகிதர்கள். அவள் மூடி மறைக்கவில்லை. புற்று என்றே சொன்னாள், ஆபரேஷன் என்றும் சொன்னாள்.

ஜெயினுலாபுதீன் டீயை உறிஞ்சினார். "ஊசி குத்துனதே தப்பு. தூங்கிகினு இருந்தவனை உசுப்பிட்டே. இனிமே கத்தி வேற பட்டுதுன்னா ஒடம்பு முச்சூடும் பரவிடும். தனகோடியோட மச்சானுக்கு இன்னா ஆச்சின்னு அவரையே கேளு."

"ஆமாம்மா" என்றார் தனகோடி. "என் மச்சானுக்கு வவுத்துல கட்டின்னு தொறந்தாங்க. மூணே மாசம், போயிட்டான். கத்தி பட்டதும் பூரா பரவிடுச்சி."

"தொறக்கறதுக்கு முன்னாடியே பரவியிருந்ததுண்ணே. லேட்டா வந்தார். பழி மட்டும் கத்தி மேல."

"சரி, இருக்கட்டும்" என்றார் மாமா. "எனக்கு வலி இல்ல, வம்பு இல்ல. அது பாட்டுக்கு ஓரமா உக்காந்துகினு கீது. வந்த விருந்தாளிய கத்தி காட்டித் தொரத்துறது நம்ம பரம்பரையிலயே கெடையாது, புரிஞ்சிதா?" சொல்லிவிட்டு, கட்டிக்கு ஒரு வாய் டீ ஊட்டுகிற மாதிரி டம்ளரைக் கன்னத்தருகே கொண்டுபோனார். தனகோடி விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமி ஜெய்புன்னிசா அழுதாள், பட்டினி கிடந்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. "பேஜாரு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு மனிதர் கட்டியை மறைக்க ஒரு மஃப்ளர் வாங்கிக்கொண்டார். சித்திரை வெயிலில், கத்திரி நெருங்குகிற நேரத்தில் மஃப்ளர் சுற்றியிருந்த ஒரே ஆள் அந்த ஜில்லாவிலேயே அவராகத்தான் இருக்க வேண்டும்.

அஃப்ஸானாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. விருந்தாளியாமே, விருந்தாளி! அந்த வார்த்தை அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்றது. போகாமல் இருந்ததும் நல்லதுக்குத்தான். அடுத்த வாரம் கோவளத்தில் மாமாவின் பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற வலிமா விருந்து. அங்கே பந்திக்கு யார் பொறுப்பு? வேறு யார், ஜெயினுலாபுதீன்தான்.

இவர்களுடைய பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். ஊர் மாறி வந்தும் சகன் சாப்பாட்டை விடவில்லை. விரிப்பின் மேல் பெரிய தாம்பாளம் வைத்து அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைப்பார்கள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருக்கிற பங்குதான் அவரவருக்கு. கோடு கிடையாது, ஆனாலும் கோடு உண்டு. அடுத்தவன் பக்கம் கை போகக்கூடாது. நல்ல கறித்துண்டு தன் பக்கம் வந்துவிட்டால் அடுத்தவன் பக்கம் நகர்த்திவைப்பதுதான் மரியாதை. வயிறு நிறைந்தால் கையை எடுத்துவிட வேண்டும். யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதில் ஜெயினுலாபுதீன் பெரிய கில்லாடி. வேகமாகச் சாப்பிடுகிறவனை நிதானமாகச் சாப்பிடுகிறவனோடு உட்கார வைக்க மாட்டார். பல் போன கிழவரை எலும்பு கடிக்கிற இளவட்டங்களோடு சேர்க்க மாட்டார். நாலு பேர் எழுந்த பிறகு ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது, ஒருவன் முகமும் சுருங்கக்கூடாது. அவர் வைத்த சகனில் சண்டை வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அஃப்ஸானா தன் புருஷன் அதீபைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அதீபுக்குச் சொந்த ஊர் மாமல்லபுரம். கிண்டியில் கம்ப்யூட்டர் வேலை, செங்கல்பட்டிலிருந்து தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் போய் வருகிறவன். ஒல்லி, சாது. சொந்த வீட்டிலேயே இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை.

"வலிமாவுல நீங்க மாமா சகன்ல உக்காரணும்" என்றாள். "உக்காந்து, கேன்சர் செல் மாதிரி சாப்பிடணும்."

"எது மாதிரி?"

அவள் ஒரு தட்டில் மோர்ச்சோற்றைப் போட்டு விரலால் நாலு பங்காகப் பிரித்தாள். "முதல்ல உங்க பங்கை மடமடன்னு முடிக்கணும். அப்புறம் பக்கத்துப் பங்குல கை வைக்கணும். முறைப்பாங்க, கண்டுக்கக் கூடாது. கேன்சர் செல்லுக்கு யார் முறைச்சாலும் உறைக்காது. பரிமாற வர்றவங்களைப் பூரா உங்க பக்கமே இழுத்துக்கணும். அது தனக்குன்னு புது ரத்தக்குழாய் போட்டு இழுத்துக்கும், மத்தவங்களுக்கு வர்ற சாப்பாட்டைத் தான் தின்னும். எவ்வளவு தின்னாலும் போதும்னு சொல்லக் கூடாது. கடைசியா, அடுத்த சகன்ல கை வைக்கணும். அதுதான் பரவறது."

அதீப் தட்டைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "உங்க மாமா என்னை உயிரோட விடுவாரா?"

"நீங்க அடி வாங்கினா நான் மருந்து போடறேன். அவரை நான் எப்படிக் காப்பாத்துவேன், சொல்லுங்க?" என்று கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அதீப் விரலால் கோட்டை அழித்துவிட்டுப் பக்கத்துப் பங்கில் ஒரு பிடி அள்ளினான்.

கோவளத்தில் தென்னந்தோப்புக்குள் ஷாமியானா போட்டிருந்தார்கள். கடல் காற்றில் விரிப்பு பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு துணித் திரை. அந்தத் திரையில் அஃப்ஸானா பொத்தலைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணை வைத்துக்கொண்டாள். மாமியும் விஷயம் தெரியாமல் பக்கத்துப் பொத்தலில் கண்ணை வைத்தாள்.

ஜெயினுலாபுதீன் எல்லாச் சகனையும் நிரப்பிவிட்டுக் கடைசியாகத் தன் இடத்தில் உட்கார்ந்தார். வலது பக்கம் தனகோடி, எதிரே வெள்ளைத் தாடி ஹாஜியார் ஒருவர், இடது பக்கம் அதீப். நாலு பேருமே நிதானக்காரர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் உட்கார வைத்திருந்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள்.

அதீப் தன் பங்கை முடித்த வேகத்தைப் பார்த்து மாமா முதலில் சிரித்தார். "பசி போல கீது, துன்னு துன்னு." அடுத்த பிடி மாமாவின் பங்கிலிருந்து போனது. மாமா தெரியாமல் பட்டதாக்கும் என்று விட்டார். அடுத்த பிடி அவர் கைக்குக் கீழேயிருந்தே போனது. அதற்கடுத்து, அவர் ஹாஜியாருக்காக நகர்த்தி வைத்த நல்லி எலும்பை அதீப் லாகவமாகத் தூக்கி உறிஞ்சினான். உறிஞ்சுகிற சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"யா அல்லா, இந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்றாள் மாமி.

பருப்பும் எலும்பும் போட்ட தால்சா வாளி வந்தது. அதீப் பரிமாறுகிறவனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கமே ஊற்ற வைத்தான். கறி வந்தது, அதுவும் அவன் பக்கமே. தனகோடியின் முன்னால் வெறும் தாம்பாளம் பளபளத்தது. பாவம், அவர் எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாஜியார் "மாஷா அல்லா" என்று முணுமுணுத்துக் கையையே எடுத்துவிட்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுக்காததையெல்லாம் அதீப் செய்தான். ஏப்பம் விட்டுவிட்டு மறுபடியும் தின்றான். தொடையில் கையை ஊன்றி இடத்தையும் அகலமாக்கிக்கொண்டான். மாமா விரிப்பை விட்டு நகர்ந்து நகர்ந்து மண்ணுக்கே வந்துவிட்டார். இந்தச் சாதுக்களை மட்டும் நம்பவே கூடாது.

"மாப்ள" என்றார் ஜெயினுலாபுதீன், பல்லைக் கடித்துக்கொண்டு. "போதும், கைய எடு."

அதீப் அவரைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த அடுத்த சகனில் கையை விட்டான்.

அவ்வளவுதான். ஜெயினுலாபுதீன் துள்ளி எழுந்தார். மஃப்ளர் அவிழ்ந்து விழுந்தது. "யார்ரா அங்க! இவனைத் தூக்குங்கடா! என் சகனை நாஸ்தி பண்ணிட்டு அடுத்த சகனுக்குப் பூந்துட்டான்! இப்பவே புடிச்சி வெளிய போடுங்க. இவனை விட்டா பந்தி மொத்தத்தையும் காலி பண்ணிடுவான்!"

பந்தியே வாயில் சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு அஃப்ஸானா ஆண்கள் பக்கம் வந்து நின்றாள். அப்படி வருவது வழக்கம் இல்லை. யாரோ "ஏம்மா, ஏம்மா" என்று தடுத்தார்கள். அவள் நிற்கவில்லை.

"ஏன் மாமா தூக்கச் சொல்றீங்க?" என்றாள். "வந்த விருந்தாளிதானே? அவர் பாட்டுக்கு உக்காந்து சாப்பிடறார். அதட்டினா பரவிடுவார்னு பயமா இல்லையா?"

ஜெயினுலாபுதீன் அவளைப் பார்த்தார். அதீபைப் பார்த்தார். தன் காதுக்குக் கீழே கை தானாகப் போனது. தனகோடிதான் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்துச் சகன் சிரித்தது, விஷயம் புரியாதவர்கள்கூட சிரித்தார்கள். எப்போதும் பிறரைச் சிரிக்க வைக்கிற மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் தோப்பைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அஃப்ஸானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நூறு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டோமோ? செருப்பைக்கூடப் போடாமல் சுடுமணலில் பின்னாலேயே ஓடினாள்.

ஒரு கட்டுமரத்தின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நெய் காய்ந்த கை மடியில் கிடந்தது. பக்கத்தில் போய் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கத்தி பட்டா பரவும்னு நா நெசமாவே நம்பிகினு கீறேன்னு நெனச்சியா? குடை சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு மெட்ராஸ்ல ஒரு பெரிய டாக்டரைப் போயி பாத்தேன். உனக்கும் தெரியாது, உன் மாமிக்கும் தெரியாது. அவரு படம் வரைஞ்சி காட்டினாரு. மூஞ்சிய அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பி நடுவுலதான் போவுதாம். அதுல இது ஒட்டிகினு இருந்தா அறுக்கணுமாம். அறுத்தா பாதி மூஞ்சி தொங்கிடும். வாயி கோணிக்கும், கண்ணு மூடாது."

அவள் கத்தியைப் பற்றிய பதில்களை மட்டும்தான் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும், சொல்லு?" என்றார். "படிச்சேனா? பொட்டி எல்லாக் கடையிலயும் ஒரே பொட்டிதான். இந்த மூஞ்சிக்காகத்தான் ஆளு வருது. பாதி மூஞ்சிய வெச்சிகினு நா கடையில உக்காந்தா, பாக்குறவன் பாவம்பா. பாவப்பட்டு வாங்கிகினு போவான். அதுக்கு முழு மூஞ்சியோட மவுத்தாயிட்டாதான் இன்னா?"

"அறுக்கணும்னு நிச்சயம் இல்ல மாமா. நரம்பைக் காப்பாத்தப் பார்ப்பாங்க" என்றாள். பிறகு மறைக்காமல் சொன்னாள்: "ஒருவேளை கோணிடலாம். கோணட்டுமே! சிரிக்க வைக்கிற மாமா வேணும்னு நான் எப்ப கேட்டேன்? நீங்க இருந்தா போதும். வாப்பா மூஞ்சி எனக்கு ஞாபகத்துலயே இல்ல. உங்க மூஞ்சியும் இல்லாம போகணுமா? எப்படி இருந்தாலும் அதை நான் பார்க்கணும், தினமும் பார்க்கணும்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயினுலாபுதீன் நெய்க்கையோடு அவள் தலையைத் தடவி, முக்காட்டையும் நாசமாக்கினார்.

"அந்தப் பேமானி இன்னும் துன்னுகினு கீறானா?" என்றார் கடைசியில்.

தின்றுகொண்டுதான் இருந்தான். நிறுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லையே. அதற்குப் பிறகு அதீப் இரண்டு நாள் வேலைக்கே போகவில்லை. ஓமத் தண்ணீரும் கையுமாகச் சுருண்டு கிடந்தான்.

ஆபரேஷன் வைகாசி முதல் வாரத்தில் நடந்தது. நரம்பின் பெரிய கிளைகளை டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். உதட்டுக்குப் போகிற கிளை ஒன்றைக் கட்டி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதை விடவேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்ததும் ஜெயினுலாபுதீன் கண்ணாடி கேட்டார். மாமி எடுத்துக் கொடுத்தாள். சிரித்துப் பார்த்தார். வலது பக்கம் மேலே போனது, இடது ஓரம் கீழேயே நின்றது. அவர் மாமியை நிமிர்ந்து பார்த்து, "பரவால்ல. இந்தப் பக்கம் அப்படியே உன் அக்கா மாதிரி கீது" என்றார். மாமி அழுதுகொண்டே அடிக்கக் கை ஓங்கினாள். செங்கம்மாள் அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தாள். "ஆஸ்பத்திரியிலயும் அடிக்கிறியா நீ?" என்று அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தாள்.

எடுத்த கட்டி அஃப்ஸானாவின் மேஜைக்குத்தான் வந்தது. அவளால் பார்க்க முடியவில்லை. பேராசிரியரே பார்த்தார். ஒரு இடத்தில் சுற்று உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்திருந்தது. ஆனால் வெட்டிய ஓரம் நாலு பக்கமும் சுத்தம், கழுத்து நெறிக்கட்டுகளும் சுத்தம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தாண்டியிருக்கும்மா" என்றார்.

சேதி கேட்டதும் ஜெயினுலாபுதீன் கிளம்பி வந்துவிட்டார். "எங்க அவன்? நா பாக்கணும். இவ்ளோ கூத்து அடிச்சவன் மூஞ்சிய நா பாக்காம வுடுவேனா?"

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. அஃப்ஸானா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஸ்லைடை நகர்த்திச் சரிசெய்தாள். மாமா முதலில் ஒரு கண்ணை மூடினார், பிறகு இன்னொன்றை. பிறகு இரண்டையும் திறந்தார்.

"அடேயப்பா! சந்தைக் கடை மாதிரி கீதே. ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிகினு. இவனுங்க எங்கேர்ந்து வந்தானுங்க?"

"எங்கேருந்தும் வரல மாமா. உங்க உடம்புலயே பிறந்தவங்கதான். நல்லா இருந்த ஒரு செல்லு, கெட்டுப்போச்சு. அதோட பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்கதான் இவ்வளவும்."

அவர் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவருக்கு, சொந்த வீட்டு ஆள் என்றதும் முகம் வாடிவிட்டது. மறுபடியும் குனிந்தார். அஃப்ஸானா ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"இந்தப் பக்கம் சின்னச் சின்ன வட்டமா, ஒழுங்கா உக்காந்துகினு கீறாங்களே. இவங்க யாரு?"

"இவங்க நல்லவங்க. எச்சில் சுரக்கிறவங்க. நீங்க பிறந்த நாள்லேருந்து இதே வேலைதான். கட்டியோட ஒட்டி இருந்ததால கூடவே வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. இவங்க கூட்டாளிங்க வலது பக்கம் நல்லா இருக்காங்க. இப்பவும் வேலை செய்யறாங்க."

"இப்பவுமா?"

"இப்பவும்தான். நீங்க பேசிட்டு இருக்கிற வாயில ஈரம் இருக்குல்ல?"

ஜெயினுலாபுதீன் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபடியும் லென்ஸில் கண்ணை வைத்தார். மனிதர் ஏதோ ஒரு கேலியைத் தயார் செய்கிறார் என்றுதான் அஃப்ஸானா நினைத்தாள், சிரிப்பதற்கும் தயாராக இருந்தாள்.

"அம்பத்தி மூணு வருஷம்" என்றார். "எவ்ளோ பேரு. ஒருத்தனும் பேரு கேக்கல, சத்தம் போடல. எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

கண்ணை எடுக்காமலே வலது கையை மெதுவாக நெற்றிக்கு உயர்த்தினார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார், அந்த ஸ்லைடைப் பார்த்து. கோணிய உதட்டில் ஓரெழுத்து வழுக்கியது. அஃப்ஸானா எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தாள், கண் நிறைந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே அடுத்த ஸ்லைடோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.